யாத்தவர் யார்? இசைந்தவர் யார்?

யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளைக் கட்டுவதும் யாப்பு. அரசைக் கட்டுவதும் யாப்பு. செய்யுள் யாப்பில் ஒரு சீரை மறுசீரோடு இணைக்கும் கட்டுக்குத் தளை என்று பெயர். அடிமையின் காலைப் பூட்டும் விலங்குக்கும் தளை என்றே பெயர். முன்னைத் தளையில் எந்தச் சீரும் தன் ஓசையை இழப்பதில்லை. தன் ஓசையோடு நின்றே அடுத்த சீரைத் தழுவுகின்றது. பின்னைத் தளையிலோ பூட்டுபவன் ஒருவன், பூட்டப்படுபவன் வேறொருவன். இரண்டும் கட்டே. ஆயினும் ஒன்று பாட்டாகின்றது, மற்றொன்று சிறையாகின்றது.

பல மொழியினர் கூடி வாழ முற்படும் ஓர் இளநாட்டின் அரசியல் யாப்பு இவ்விரண்டனுள் எவ்வகைத் தளையால் கட்டப்பட்டது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் எழுத்தை மட்டும் படித்தல் போதாது. மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். யாத்தவர் யாவர்? அவரை யாக்குமாறு விடுத்தவர் யாவர்? யாத்து முடித்தபின் அதற்கு இசைவு தந்தவர் யாவர்?

இவ்வினாக்கள் ஏட்டுப் புலமைக்காக எழுப்பப்படுவன அல்ல. இந்தித் திணிப்பை எதிர்த்தால் அரசியல் யாப்பைக் காட்டுகின்றனர். பறிக்கப்பட்ட கல்வி உரிமையைத் திருப்பிக் கேட்டால் அரசியல் யாப்பைக் காட்டுகின்றனர். உயர்நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்றால் அப்போதும் அதே யாப்பைத்தான் காட்டுகின்றனர். காட்டிவிட்டு, "நீங்களும் கூடியிருந்து செய்ததுதானே?" என்றும் கேட்கின்றனர். அவ்வாறு கேட்போர்க்கு விடை சொல்ல வேண்டுமாயின், கூடியது எவ்வாறு, செய்தது எவ்வாறு என்பதைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும்.

பிலடெல்பியாவில் கூடியோர்

ஒப்பு நோக்க ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்காவின் 13 மாநிலங்கள் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றபின், தம்மை ஆளும் முறையை வகுக்க 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பேராளர்களைக் கூட்டின. ரோடு தீவு என்னும் சிறுமாநிலம் ஆள் விடுக்க மறுத்தது. ஏனைய 12 மாநிலங்களின் பேராளர் 55 பேர் மே 25 முதல் செப்டம்பர் 17 வரை கூடினர். சியார்ச்சு வாசிங்டன் தலைமை தாங்கினார். முடிவில் கையெழுத்திட்டோர் 39 பேர்.

அம்மன்றம் குறையற்றது என்று சொல்லுவார் எவரும் இலர். கதவுகளை அடைத்துக்கொண்டு கமுக்கமாகப் பேசினர். பெண்டிர்க்கு அங்கு இடமில்லை. அம்மண்ணின் பழங்குடியினர்க்கும் இடமில்லை. அடிமைகளாகப் பிடித்து வைத்திருந்த கருப்பின மக்களை ஐவர்க்கு மூவர் என்று கணக்கிட்டு, அவர்களை அடிமை கொண்டவர்க்கே கூடுதல் இடங்களைத் தந்த கொடுமையும் அங்கேதான் நிகழ்ந்தது. அக்கறையைக் கழுவ அந்நாடு பின்னர் ஓர் உள்நாட்டுப் போரையே நடத்த வேண்டியதாயிற்று. மாந்தரை மாந்தராக மதிப்பதில் அம்மன்றம் தோற்றது. ஆயினும் மாநிலத்தை மாநிலம் மதிக்கும் முறையில் அங்கு நடந்தது கற்கத்தக்கது.

அம்மன்றத்தில் வாக்கு ஆளுக்கு ஒன்றன்று; மாநிலத்திற்கு ஒன்று. வர்சீனியாவின் மக்கள்தொகை 1790-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 7 இலக்கத்து 47 ஆயிரம். தெலாவேரின் மக்கள்தொகை ஏறத்தாழ 59 ஆயிரம். பன்னிரு மடங்கு பெரியதற்கும் ஒரு வாக்கு. சிறியதற்கும் ஒரு வாக்கு. மக்கள்தொகைக்கேற்பவே இரண்டு அவைகளும் அமைய வேண்டும் என்று வர்சீனியர் திட்டம் கொணர்ந்தனர். "அவ்வாறாயின் எங்களை விழுங்கிவிடுவீர்கள்" என்று சிறுமாநிலத்தார் எதிர்த்து, நியூ செர்சியின் பேராளர் வில்லியம் பேட்டர்சன் வழியாக மாற்றுத் திட்டம் வைத்தனர். மன்றமே கலைந்துவிடும் என்னும் நிலை வந்தது. ஈற்றில் சூலை 16-ஆம் நாள் ஐந்து மாநிலங்களுக்கு நான்கு என்னும் அளவில் ஓர் உடன்பாடு நிறைவேறியது. கீழவையில் தொகைக்கேற்ற இடம். மேலவையில் எல்லா மாநிலத்திற்கும் இணையான இடம். அம்மாநிலத்தின் இசைவின்றி அவ்விணையிடத்தைத் திருத்தத்தாலும் பறிக்கலாகாது என்று யாப்பிலேயே எழுதி வைத்தனர். ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்து வேறு மாநிலம் அமைப்பதாயின் அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவு வேண்டும் என்றும் எழுதி வைத்தனர்.

அதனினும் சிறந்தது அதன்பின் நிகழ்ந்தது. 39 பேர் கையெழுத்திட்டதால் அது யாப்பாகிவிடவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கூடி, ஆராய்ந்து, ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் ஏற்ற மாநிலங்களுக்கிடையே மட்டும் அது நடைமுறைக்கு வரும் என்பது முறை. மாசச்சூசெட்சில் 187-க்கு 168; வர்சீனியாவில் 89-க்கு 79; நியூயார்க்கில் 30-க்கு 27. இவ்வாறு மயிரிழையில் வென்றது அந்த யாப்பு. வட கரோலினா 1788-இல் ஏற்க மறுத்து, அடுத்த ஆண்டில்தான் ஏற்றது. ரோடு தீவு 1790 மே மாதத்தில் 34-க்கு 32 என ஏற்றது. மக்கள் உரிமைகளை எழுதாமல் விட்டதை அம்மன்றங்கள் இடித்துரைத்தமையால் 1791-இல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. 'மாநிலங்களாகிய நாம்' என்னாது 'மக்களாகிய நாம்' என்று எழுத உங்கட்கு உரிமை தந்தவர் யார் என்று வர்சீனிய மன்றத்தில் பேட்ரிக் என்றி கேட்ட கேள்வி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

மொழியைப் பற்றியும் ஒன்று குறித்தல் தகும். ஆங்கிலம் பேசுவோரே மிகுந்திருந்தும் அந்த யாப்பில் எம்மொழியையும் ஆட்சிமொழி என்று அவர்கள் எழுதவில்லை. பென்சில்வேனியாவில் செருமானியர் மிகுதியாக வாழ்ந்தமையால், யாப்பின் வரைவைச் செருமன் மொழியிலும் அச்சிட்டு வழங்குமாறு அம்மாநிலச் சட்டமன்றம் செய்தது. இசைவு கேட்பவன் இசைவு தருபவனின் மொழியில்தான் கேட்டல் வேண்டும் என்னும் எளிய அறம் அவர்கட்குத் தெரிந்திருந்தது.

தில்லியில் கூடியோர்

இனித் தில்லிக்கு வருவோம். இந்திய அரசியல் யாப்பு மன்றம் 1946 திசம்பர் 9-ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. அதன் உறுப்பினரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. ஆங்கிலேயர் இயற்றிய 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்தும் வரியும் படிப்பும் உடைய சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. அச்சிலர் 1946-இல் மாகாணச் சட்டமன்றங்களைத் தேர்ந்தெடுத்தனர். அச்சட்டமன்றத்தார் யாப்பு மன்றத்தாரைத் தேர்ந்தெடுத்தனர். ஏர் பிடித்த உழவனும் தறி நெய்த நெசவாளியும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளியும் இவ்விரு தேர்தலுள் ஒன்றிலேனும் பெரும்பாலும் வாக்களித்தவர் அல்லர். மன்னராட்சிப் பகுதிகளிலிருந்து வந்தோருள் ஒரு பகுதியினர் மன்னர்களால் அமர்த்தப்பட்டோர்.

ஏறத்தாழப் பத்திலக்கம் பேர்க்கு ஓரிடம் என்பது பகிர்வு முறை. ஐக்கிய மாகாணத்திற்கு 55 இடம், பீகாருக்கு 36, சென்னை மாகாணத்திற்கு 49. அந்த 49 பேரும் தமிழர் அல்லர். அன்றைய சென்னை மாகாணம் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் துளுவரும் அடங்கியது. தமிழர் என்னும் பெயரில், தமிழ்நாடு என்னும் பெயரில் அம்மன்றத்தில் ஓர் இருக்கையும் இல்லை. 1937 முதல் 1940 வரை கட்டாய இந்தியை எதிர்த்து நாடே திரண்டது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939-இல் உயிர் நீத்தனர். அப்போராட்டத்தை நடத்திய பெரியாரின் இயக்கம் 1946 தேர்தலில் நிற்கவில்லை. ஆகலின் அக்குரல் அவைக்குள் நுழையவே இல்லை.

பிலடெல்பியாவில் வாக்கு மாநிலத்திற்கு ஒன்று. தில்லியில் வாக்கு ஆளுக்கு ஒன்று. இவ்வொரு வேற்றுமையிலேயே எல்லா வேற்றுமையும் அடங்கிவிட்டது. பல இனங்கள் கூடும் மன்றத்தில் தலையெண்ணி முடிவு செய்வதென்றால், கூடுவதற்கு முன்பே முடிவு செய்தாயிற்று என்பதே பொருள்.

அம்மன்றம் உழைக்கவில்லை என்று சொல்லுவது பொய். இரண்டு ஆண்டு, பதினொரு மாதம், பதினேழு நாள் என்னும் கால அளவில் பதினொரு கூட்டத்தொடர்கள் நடந்தன. 7,635 திருத்தங்கள் முன்னறிவிக்கப்பட்டு, 2,473 திருத்தங்கள் அவையில் வைக்கப்பட்டன. தீண்டாமையை ஒழித்தெழுதிய 17-ஆம் உறுப்பும், ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை தந்த 326-ஆம் உறுப்பும் போற்றத்தக்கன. அம்பேத்கரின் அறிவையும் உழைப்பையும் தமிழர் மறுப்பவர் அல்லர். கேள்வி உழைப்பைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. 1949 நவம்பர் 26-ஆம் நாள் 'இந்திய மக்களாகிய நாம்' இதனை ஏற்றோம் என்று எழுதிக்கொண்டனர். அம்மக்களிடம் அது கொண்டுவரப்பட்டதா? இல்லை. எந்த மாகாண மன்றமாவது கூடி இசைவு தந்ததா? இல்லை. மக்கள் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலே 1951-52-இல்தான் நடந்தது. அதற்குள் யாப்பு நடைமுறைக்கு வந்து ஈராண்டு ஆகியிருந்தது. வீட்டைக் கட்டி, பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டபின் குடியிருப்போரைக் கூப்பிட்டுக் காட்டிய கதை அது.

மொழிக்கு நேர்ந்தது

மன்றம் கூடிய இரண்டாம் நாளே, 1946 திசம்பர் 10-ஆம் நாள், ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த துலேக்கர் என்பவர் இந்துத்தானியில் பேசத் தொடங்கினார். பலர்க்கு அம்மொழி தெரியாது என்று தலைவர் நினைவூட்டியபோது, இந்துத்தானி தெரியாதவர்க்கு இந்தியாவில் இருக்க உரிமை இல்லை என்றும், அம்மன்றத்தில் உறுப்பினராக இருக்கவும் அவர்கள் தகுதியற்றவர் என்றும் முழங்கினார். அரசியல் யாப்பின் முதல் உறுப்பு எழுதப்படுவதற்கு முன்பே, பேசப்பட வேண்டிய மொழி எது என்பதும் வெளியேற வேண்டியவர் யார் என்பதும் சொல்லப்பட்டுவிட்டன.

1948 நவம்பர் 5-ஆம் நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. டி. கிருட்டிணமாச்சாரி இந்தி வல்லாண்மையைப் பற்றி எச்சரித்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாணத்து நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். அவர் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர். பிரிவினை பேசியவரும் அல்லர். பேராயக் கட்சியில் இருந்தவர். அவருக்கே அவ்வளவு கசந்தது என்றால், வெளியில் நின்றவர்க்கு எவ்வளவு கசந்திருக்கும்! கோவையைச் சேர்ந்த தி. அ. இராமலிங்கம் செட்டியார், தென்னாட்டார்க்கு இது வாழ்வா சாவா என்னும் சிக்கல் என்று அவையில் எடுத்துரைத்தார். அவர் சொற்களும் காற்றில் கரைந்தன.

முடிவு அவைக்குள் பிறக்கவில்லை. ஆளுங்கட்சியின் அறைக்குள் பிறந்தது. கட்சிக் கூட்டத்தில் முதலில் இருபுறமும் 78 வாக்குகள் சமமாக விழுந்தன என்றும், பின்னர் 78-க்கு 77 என ஒரே வாக்கில் இந்தி வென்றது என்றும் அம்பேத்கர் 1955-இல் மொழிவழி மாநிலங்களைப் பற்றி எழுதிய நூலில் குறித்துள்ளார். அவ்வாக்கெடுப்பு மொழியைப் பற்றியதன்று, எண்களின் வடிவைப் பற்றியதே என்று மறுப்போரும் உளர். எதைப் பற்றியதாயினும் ஆகுக. கோடிக்கணக்கான மக்களின் நாவைப் பற்றிய செய்தி, மக்கள் காணாத அறையில், ஒரு கட்சியின் கூட்டத்தில் பேசி முடிக்கப்பட்டதே. அதனை எவர் மறுக்க முடியும்? முன்சியும் கோபாலசாமி அய்யங்காரும் வகுத்த உடன்பாடு என்னும் பெயரில் அது 1949 செப்டம்பர் 14-ஆம் நாள் அவையில் நிறைவேறியது.

விளைவு என்ன? தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது 343-ஆம் உறுப்பு. ஆங்கிலத்திற்குப் பதினைந்தாண்டுத் தவணை. இந்தியைப் பரப்புவது ஒன்றியத்தின் கடமை என்றும், இந்திக்கு வேண்டும் சொற்களை முதன்மையாகச் சமற்கிருதத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது 351-ஆம் உறுப்பு. தமிழனின் வரிப்பணத்தில் இந்தியை வளர்ப்பது கடமை. தமிழை வளர்ப்பது அவன் சொந்தச் செலவு. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தி, உருது, இந்துத்தானி, பஞ்சாபி ஆகிய நான்கையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டியும் பாதித்தொகையை எட்ட முடியவில்லை. பெரும்பான்மை என்னும் அறங்கூட அங்கு இல்லை.

எட்டாம் அட்டவணையில் 14 மொழிகள் இடம்பெற்றன. எந்த மாகாணத்து மக்களும் வீட்டில் பேசாத சமற்கிருதம் அதனுள் புகுந்தது. பழங்குடியினரின் பேராளராகிய செய்ப்பால் சிங் முண்டாரி, கோண்டி, ஓராவோன் என்னும் மூன்று மொழிகளையேனும் சேர்க்குமாறு மன்றாடினார். சேர்க்கவில்லை. கோண்டியும், குரூக்கு எனப்படும் ஓராவோனும் தமிழோடு உடன்பிறந்த திரவிட மொழிகள் என்பதைத் தமிழர் மறத்தலாகாது. காட்டில் வாழும் அவ்வுறவினர்க்கு இழைத்த தீங்கு தமிழர்க்கும் இழைத்த தீங்கே.

1950 சனவரி 24-ஆம் நாள் உறுப்பினர் கையெழுத்திட்ட படிகள் மூன்று. இரண்டு ஆங்கிலம்; ஒன்று இந்தி. தமிழ்ப் படி இல்லை. 1987-ஆம் ஆண்டின் 58-ஆம் திருத்தம் 394அ என்னும் உறுப்பைப் புகுத்தி, இந்திப் படிக்கு யாப்பின் வழியாகவே அதிகாரம் அளித்தது. அவ்வுறுப்பில் தமிழுக்கு இடமில்லை. 1787-இல் செருமானியர்க்குச் செருமன் மொழியில் அச்சிட்டுக் கொடுத்தவனையும், 1950-இல் தமிழனின் கையெழுத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாங்கிக்கொண்டவனையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்க்க!

பெயருக்கும் நிலத்திற்கும் நேர்ந்தது

தன் பெயரைத் தானே இட்டுக்கொள்ளும் உரிமை கைக்குழந்தைக்கு இல்லை. அதன் பெற்றோர்க்கு உண்டு. இந்திய யாப்பின் 3-ஆம் உறுப்பின்படி மாநிலங்கள் என்றென்றும் கைக்குழந்தைகள். தில்லி ஒன்றே பெற்றோர். மாநிலத்தைப் பிரிக்க, சேர்க்க, எல்லையை மாற்ற, பெயரை மாற்ற நாடாளுமன்றத்தின் எளிய பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டுவதில்லை.

தமிழ்நாடு என்னும் பெயருக்காக விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் 1956 அக்தோபர் 13-இல் உயிர் நீத்தார். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1967 சூலை 18-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் தில்லி சட்டம் இயற்றிய பின்பே, 1969 சனவரி 14-இல்தான் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஓரினம் தன் நாட்டைத் தன் பெயரால் அழைக்கத் தில்லியின் இசைவுக்குக் காத்து நின்றது.

ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் 2014 சனவரி 30-இல் மாநிலப் பிரிப்புச் சட்டவரைவை மறுத்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் வேட்கை நேர்மையானதே. ஆயினும் மறுப்பு என்பதற்குப் பொருளே இல்லையாயின் கேட்பது எதற்கு? 2019 ஆகத்து மாதத்தில் சம்மு காசுமீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டது. அப்போது அங்குச் சட்டமன்றமே இல்லை. மாநிலத்தின் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது. கேட்டவனும் அவன், விடை சொன்னவனும் அவன்!

கல்வியின் கதையும் இத்தகையதே. 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுசென்றது. அது நெருக்கடிநிலைக் காலம். தமிழ்நாட்டின் ஆட்சி அவ்வாண்டு சனவரி 31-ஆம் நாளே கலைக்கப்பட்டிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி கைமாறியபோது, தமிழ்நாட்டின் சார்பில் ஆம் என்றோ அன்று என்றோ சொல்ல ஒரு சட்டமன்றம் இல்லை.

எண்ணிக்கை என்னும் கோடரி

அமெரிக்க மேலவையில் எல்லா மாநிலத்திற்கும் இவ்விரண்டு இடங்கள். இந்திய மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்திற்கு 31, தமிழ்நாட்டிற்கு 18. பெயர்தான் மாநிலங்களவை, அளவு மீண்டும் தலையெண்ணிக்கையே. மக்களவையில் தமிழ்நாட்டிற்கு 1962-இல் 41 இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்பின்பின் அவை 39 ஆகக் குறைக்கப்பட்டு, 1967 தேர்தலில் அவ்வாறே வாக்கெடுப்பு நடந்தது. குடும்ப நலத்தைக் கடைப்பிடித்த மாநிலங்கள் இடமிழக்கும் என்பதனால்தான் 1976-இல் இடப்பகிர்வு 1971 கணக்கின் அளவில் நிறுத்தப்பட்டது. 84-ஆம் திருத்தம் அதனை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. நீட்டிப்பு என்பது காப்பன்று, தவணை. ஓங்கிய கோடரியை இறக்காமல், "இன்னும் வெட்டவில்லையே" என்று ஆறுதல் சொல்வது போன்றது அது. தெலாவேர் மாநிலத்தார் 1787-லேயே கேட்டுப் பெற்ற காப்பைத் தமிழ்நாட்டிற்குக் கேட்டுத்தருவார் 1949-இல் இலர்.

கொழும்பில் கூடியோர்

தலையெண்ணி யாக்கும் யாப்பு எங்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு ஈழமே சான்று. 1970 தேர்தலில் வென்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி, அவ்வாண்டு சூலை மாதத்தில் கொழும்பில் யாப்பு மன்றத்தைக் கூட்டியது. தமிழரசுக் கட்சியார் புறக்கணிக்கவில்லை; சென்றனர். கூட்டாட்சித் திட்டத்தை எழுதிக் கொடுத்தனர். ஒற்றையாட்சி என்று முடிவு செய்தனர் பெரும்பான்மையினர். தமிழுக்கும் இடம் தருக என்று திருத்தம் வைத்தனர். அதுவும் தோற்றது. 1971 சூன் மாதத்தில் தமிழரசுக் கட்சியார் வெளியேறினர். 1972 மே 22-இல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்திற்கு முதலிடம், சிறுபான்மையினர்க்குச் சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவு தந்திருந்த காப்பு நீக்கம்.

அதனை வகுப்பதில் முன்னின்ற அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று 1950-களில் எச்சரித்த அதே மாந்தர்! அறிவு அறிந்திருந்தது, எண்ணிக்கை அறிவை வென்றது. தமக்கு மக்கள் இசைவு உண்டா என்று காட்டச் செல்வநாயகம் 1972-இல் தம் நாடாளுமன்ற இடத்தையே துறந்து, தேர்தல் நடத்துமாறு அறைகூவினார். இடைத்தேர்தலை 1975 வரை இழுத்தடித்தனர், அவரே வென்றார். 1976 மே 14-இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது. அதன்பின் ஈழத்தமிழர் சிந்திய குருதியை உலகம் அறியும். ஒரு மன்றத்தில் இசைவைக் கேட்க மறுத்ததற்கு ஒரு தீவே விலை கொடுத்தது.

ஒற்றுமை கெடும் என்பார்க்கு

"இவையெல்லாம் பேசினால் ஒற்றுமை கெடும்" என்பர் சிலர். ஒற்றுமையைக் கெடுத்தது பேச்சன்று, பேசவிடாமை. இந்தியே ஒரே ஆட்சிமொழியாக வேண்டிய 1965 சனவரி 26 நெருங்கியபோது தமிழ்நாடு தீப்பற்றியது. அதற்கு ஓராண்டு முன்பே திருச்சியில் சின்னச்சாமி தம் உயிரைத் தீக்கு இரையாக்கியிருந்தார். மாணவர் தெருவில் நின்ற பின்னர்தான், 1967-இல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலத்திற்கு நீட்டிப்புத் தந்தது. 1949-இல் அவையில் கேட்டிருந்தால் சில வாக்குகளோடு முடிந்திருக்க வேண்டியது, பதினாறு ஆண்டுகட்குப் பின் உயிர்களைக் கொண்டு முடிந்தது. அதுவும் பாதியே முடிந்தது. 343-உம் 351-உம் இன்றும் எழுதியபடியே நிற்கின்றன.

"காலம் கடந்துவிட்டது, எழுதியதை மாற்ற முடியாது" என்பர் வேறு சிலர். நூற்றுக்கு மேற்பட்ட முறை திருத்தப்பட்ட யாப்பு அது. தில்லிக்கு வேண்டியபோதெல்லாம் வளைந்த யாப்பு, தமிழர்க்கு வேண்டியபோது மட்டும் கல்லாகிவிடுமா?

ஆகலின் தமிழர் கேட்க வேண்டுவன தெளிவானவை. மாநிலத்தின் பெயரையும் நிலத்தையும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றித் தொடலாகாது என்று 3-ஆம் உறுப்பு திருத்தப்பட வேண்டும். மாநிலங்களவையில் எல்லா மாநிலத்திற்கும் இணையிடம் வேண்டும். 343-ஆம் உறுப்பில் இந்தி நிற்கும் இடத்தில் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தும் நிற்க வேண்டும். 351-ஆம் உறுப்பு நீங்க வேண்டும். கல்வி மாநிலத்திற்குத் திரும்ப வேண்டும். இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களில் இந்திக்குத் தந்த இசைவு, 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கேட்டும் தமிழுக்கு மறுக்கப்பட்டது. அது தரப்பட வேண்டும்.

இவை புதியன அல்ல. 1969-இல் அமைந்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974-இல் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-இல் மீண்டும் ஒரு குழுவைத் தமிழ்நாட்டரசு அமைத்தது. குழுக்கள் வரும், அறிக்கைகள் அடுக்கில் உறங்கும். அறிக்கையை எழுப்ப வேண்டியவர் மக்கள். தமிழாசிரியர் தம் வகுப்பறையிலும், தொழிலாளர் தம் மன்றத்திலும், உழவர் தம் ஊர்ப்பொதுவிலும் அந்த உறுப்புகளின் எண்ணைச் சொல்லி, பொருளைச் சொல்லி, எவரால் எவ்வாறு எழுதப்பட்டன என்பதைச் சொல்லுதல் வேண்டும். மூன்று, முந்நூற்று நாற்பத்து மூன்று, முந்நூற்று ஐம்பத்தொன்று. இவ்வெண்கள் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் வாய்பாடுபோல் மனப்பாடமாதல் வேண்டும்.

யாத்தவர் பிறர், யாக்கப்பட்டவர் தமிழர், இசைவைக் கேட்டவர் ஒருவரும் இலர். கேட்கப்படாத இசைவு இன்னும் தமிழர் கையில்தான் இருக்கின்றது. அதனை எவரும் அவர்களுக்காகக் கொடுத்துவிட முடியாது. சீர்கள் தம் ஓசையோடு நின்று சேரும் தளையே யாப்பு. மற்றைத் தளை விலங்கு. விலங்கைப் பாட்டு என்று சொல்லிப் பழக்கிவிட்டனர். அஃது உராயும் ஓசையை இசை என்று இனியும் தமிழர் கேட்டுக்கொண்டிருத்தல் ஆகாது.